வாசித்துக் காட்டுகிறவர்

போன மாசம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்புத் துறையில் வேலைவாய்ப்பு என்று தலைப்பு. என்னைப் போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள்! பி.காம். கடைசி வருஷத்தில் இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி நிற்கிற ஆள் நான். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் 'ஆங்கிலம், மலையாளம், இந்தி மொழிபெயர்த்துத் தரப்படும்' என்று போர்டு மாட்டி, நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பதால் ஊருக்குள் நானும் ஒரு பெரிய மனுஷன். சால்வை போட்டார்கள், பழத்தட்டு கொடுத்தார்கள். அரைமணி நேரம் வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "சார், இப்ப எல்லாத்தையும் போனே மொழிபெயர்த்துருது. நாங்க இதைப் படிச்சு என்ன செய்ய?" என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "போன் எழுதிரும்மா. கையெழுத்துப் போடுறவங்க முன்னால உக்காந்து, இதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டாது. அப்படி வாசிச்சுக் காட்டுற ஆளுக்கு இந்தச் சீமையில எந்தக் காலத்துலயும் வேலை உண்டு. எங்க கடையில வாசிச்சுக் காட்டாம ஒரு தாள் வெளிய போகாது." அப்படி ஒரு கைதட்டல். முதல்வர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சால்வையோடு ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசித்துக் காட்டுவது என் பழக்கம் இல்லை. அது ஓர் அக்காவின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்காகத்தான் அவரை என் கடையை விட்டு அனுப்பினேன். அவர் பேரை இங்கே சொல்ல மாட்டேன். அந்தப் பேரை வைத்து ஒரு தடவை நான் செய்தது போதும்.

அக்கா என் கடையில் ஆறேழு வருஷம் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூப்பு. சமாதானபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். அப்பா புனலூரில் மரக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்பதால் மலையாளம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. இங்கிலீஷ் எம்.ஏ. இந்தி எங்கே படித்தார் என்று கேட்டால், "புனாவுல கொஞ்ச நாள் குடித்தனம் பண்ணினேன்" என்பார், அதற்கு மேல் பேச்சு நகராது. மெலிந்த உடம்பு. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மத்தியானம் டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறும் அப்பளமும். அந்த அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் மட்டும்தான் அவரிடமிருந்து தானாக வருகிற சத்தம், மற்றதெல்லாம் அடுத்தவர்கள் சொன்னது.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. மனு, சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், எதுவாக இருந்தாலும் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுவார். எழுதி முடித்ததும் ஆளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பார். தாள் பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்துவார். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். போனை அணைக்கச் சொல்லுவார். பிறகு வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, அந்த இங்கிலீஷ் தாளைத் திரும்பத் தமிழில் சொல்லுவார். 'இவர் சொல்கிறார்' என்றெல்லாம் கிடையாது. "நான்" என்றுதான் ஆரம்பிப்பார். மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து, "நான், இன்னார் மகன், வயது ஐம்பத்திரண்டு, எனக்கு இரண்டு மனைவிகள்" என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லுவார். காத்திருக்கிற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அக்கா சிரிக்க மாட்டார்.

அதோடும் விடமாட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?" என்பார்.

"என்னம்மா, பரீட்சையா வைக்கீங்க?" என்று ஆள்கள் எரிந்து விழுவார்கள்.

"நீங்க சொன்னதை நீங்களே ஒருக்காக் கேட்டுக்கிடுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க." அவருக்கு இதைத் தவிர வேறு பதில் கிடையாது.

கடைசியில்தான் சீல். அவர் பேரும் படிப்பும் மொழிபெயர்ப்பாளர் என்பதும் அதில் இருக்கும். அதற்கு மேலே எல்லாத் தாளிலும் ஒரு வரி வரும்: மேற்கண்டவை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் விளங்கிக்கொண்டார். அந்த வரியை எல்லாக் கடையிலும் அடிப்பார்கள். கம்ப்யூட்டரில் அது பாட்டுக்கு இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அந்த வரி உண்மையாக இருந்தது அக்காவின் தாள்களில் மட்டும்தான்.

ஒரு தடவை, ரிட்டயர்டான தாசில்தார் ஒருவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, நல்ல குடும்பம். மகன் அமெரிக்காவில். குடும்ப விவரம் சொல்லி ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். கடகடவென்று அவரே சொன்னார், அக்கா எழுதினார். திருப்பி வாசிக்க உட்காரச் சொன்னபோது பெரியவருக்குக் கோபம். "எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. நான் கலெக்டருக்கே டிராஃப்ட் போட்டுக் குடுத்தவன்."

"இருக்கட்டும் ஐயா. அஞ்சு நிமிஷம்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அக்கா வாசித்தார். "நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. எனக்கு உடன்பிறந்தோர் யாரும் இல்லை." பெரியவர் தண்ணீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுத்த வரிக்கு விரலை நகர்த்தப் போனார். "இரும்மா," என்றார் பெரியவர். ரொம்பப் பைய, "அதை மாத்திரும்மா. ஒருத்தி இருக்கா. சாதி விட்டுக் கட்டிக்கிட்டுப் போனா, முப்பது வருஷமாச் சொல்லாமலே பழகிட்டேன்," என்றார். அக்கா ஒன்றும் கேட்காமல் தங்கச்சி பேரை எழுதினார். மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார். போகும்போது பெரியவர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, அக்காவை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாய்ப்பேச்சை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனால் இதைவிடத் தமாஷ். வள்ளியூர்ச் சந்தையில் ஒரு வாழைக்காய் மண்டி அண்ணாச்சி. ஏத்தங்காய் வாங்கக் கேரளாக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், பேச்சு முடிய வேண்டும் என்று அக்காவை அழைத்தார். நானும் போனேன். அண்ணாச்சி தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் என் பக்கம் திரும்பி, "இந்தப் பய சரியான களவாணிலே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றார். அக்கா ஏற்ற இறக்கமில்லாத குரலில் அதையும் மலையாளத்தில் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "ஏம்மா! அதைப் போய்ச் சொல்லலாமா?"

"அவர் முன்னால நின்னு பேசினது எல்லாம் அவருக்குச் சேர வேண்டியது அண்ணாச்சி. வேண்டாம்னா பேசாம இருந்திருக்கணும்."

நல்லவேளை, கேரளாக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்குத் தமிழ் தெரியும் அண்ணாச்சி, இந்த அம்மா சொல்லுதாங்களான்னுதான் பார்த்தேன்," என்றார் சுத்தமான தமிழில். அன்றைக்குப் பேசி முடித்த வியாபாரம் இன்றைக்கும் நடக்கிறது.

அவரிடம் எனக்கும் இப்படிக் கிடைத்திருக்கிறது. ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது என் வீட்டுக்காரி கடைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நான் திரும்பி வந்ததும், எட்டுப் பத்துப் பேர் காத்திருக்கிற இடத்தில் அக்கா சொன்னார்: "வீட்ல இருந்து பேசினாங்க தம்பி. 'உனக்கெல்லாம் எதுக்கு வீடு, அந்தக் கடையிலேயே கெட மூதி'ன்னு சொல்லச் சொன்னாங்க." அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கோபத்தில் குதித்தேன். "அழுகையும் கோவமும் நான் சேக்கலியே தம்பி, சொன்னதை மட்டுந்தான் சொன்னேன்," என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டேன், அச்சு அசலாக அதேதான் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு கடை நடத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும். விசா எழுதுகிற காலம் வந்தால் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். அக்கா ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் எடுப்பார். பின்னால் நிற்கிறவன் வாட்சைப் பார்ப்பான், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரிலேயே மொழிபெயர்க்கிற வசதி வந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி துள்ளினேன். பத்துப் பக்கம், ஒரு நிமிஷம்.

அக்கா அதற்கு எதிரி இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதுது தம்பி. என்னைவிட இங்கிலீஷ் நல்லாருக்கு. இதையே வச்சுக்கிடுவோம். வாசிச்சுக் காட்டிட்டுக் குடுப்போம்."

"அதுக்குத்தான் நேரமில்லைங்கேன்."

"வாசிச்சுக் காட்டாத தாள்ல, வாசிச்சுக் காட்டினேன்னு நான் எப்படி சீல் வைக்க?"

"அப்ப வைக்காதீங்க!" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், ஊருக்கே தெரியும். "வீட்ல இருங்க. தேவைப்பட்டா ஆள் சொல்லி விடுதேன்."

அவர் எழுந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். நான் ஆள் சொல்லி விடவே இல்லை. இரண்டு தடவை வந்து, "என் சீல் இங்கன இருக்கு தம்பி," என்று கேட்டார். "தேடி எடுத்து வைக்கேன்க்கா," என்றேன் இரண்டு தடவையும். தேட என்ன இருக்கிறது? என் மேஜை டிராயரில்தான் இருந்தது. தூதரகத்துக்குப் போகிற தாளில் படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் சீல் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. அதனால் அவர் சீலை நானே குத்தி, அதன் மேல் அவர் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கலும் கிறுக்கினேன். அதற்குச் சட்டத்தில் என்ன பேர் என்று எனக்கும் தெரியும்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் வாழைக்காய், மூதி என்று சுற்றிக்கொண்டிருந்ததே இதைத் தள்ளிப் போடத்தான்.

உவரியிலிருந்து ஓர் அம்மா வந்தார், தன் தம்பியோடு. மகன் வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனவன். படகிலேயே நெஞ்சு வலித்துச் செத்துப் போனான். கல்யாணம் ஆகாத பையன். புருஷன் ஏற்கெனவே இல்லை. உடம்பை என்ன செய்வது என்று தாயின் சம்மதக் கடிதம் இங்கிலீஷில் வேண்டும், நோட்டரி வக்கீல் முத்திரையோடு உடனே அனுப்ப வேண்டும் என்று அந்த ஊர்க் கம்பெனியிலிருந்து தகவல். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அழுது முடித்து வற்றிப்போன முகம்.

"எம்புள்ளையக் கொண்டாந்துரணும் ஐயா," என்றார். "அவுக அப்பா கெடக்குற கல்லறைத் தோட்டத்துல அவனையும் வைக்கணும். ஒருக்கா மொகத்தப் பாத்துக்கிடுதேன். எத்தன நாளானாலும் சரி, நான் காத்துக் கெடப்பேன். அதை நல்லா எழுதுங்க ஐயா."

"எழுதிருவோம்மா. கவலையை விடுங்க, எல்லாம் வெரசா முடிச்சுத் தாரேன்," என்றேன். பாவமாகத்தான் இருந்தது. டீ வாங்கித் தரச் சொன்னேன். அதெல்லாம் நல்லாச் செய்வேன்.

கடிதம் எழுதுகிறவர்கள் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய ஃபைலைத் திறப்போம், பேரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், பாஸ்போர்ட் நம்பரை மாற்றுவோம், பிரிண்ட் கொடுப்போம். நானும் திறந்தேன். மூன்று மாசம் முன்னால் மேலப்பாளையத்துக் குடும்பம் ஒன்றுக்கு எழுதிய கடிதம். அதுவும் ஒரு தாயின் பேரில்தான்; அவர்கள் தங்கள் பையனை அவன் இறந்த மண்ணிலேயே அடக்கம் செய்யட்டும் என்று விரும்பிச் சம்மதம் கொடுத்தவர்கள். அதில் பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், நம்பரை இரண்டு தடவை சரிபார்த்தேன். நடுவில் இருந்த பத்தியை மாற்றவில்லை. வாசலில் கூட்டம். நான் பத்தியைப் படிக்கவே இல்லை.

அம்மா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். நான் அக்காவின் சீலைக் குத்தினேன். வக்கீல் முத்திரை வைத்தார். ஸ்கேன் எடுத்து அவர்கள் கண்முன்னாலேயே அனுப்பினேன். மொத்தம் இருபது நிமிஷம். "இதே அக்கா இருந்திருந்தா இன்னிக்கு அனுப்பியே இருக்க முடியாது," என்று பக்கத்தில் இருந்தவனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அந்தத் தம்பிக்காரர் மட்டும் வந்தார். செருப்புகூட இல்லை. கையில் போன். "அங்கன அடக்கம் பண்ணிட்டானுவளாம்," என்றார். "ஏம்லே பண்ணீங்கன்னு கேட்டா, தாயாரு சம்மதம் குடுத்திருக்காகன்னு சொல்லுதான். நாங்க எங்க குடுத்தோம்? நீங்க என்ன எழுதுனீங்க?"

ஃபைலைத் திறந்தேன். ஒரு வரி படித்ததுமே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "இது நான் பண்ணல அண்ணே. நான் டைப் அடிச்சதோட சரி. மொழிபெயர்க்கிறது ஒரு அம்மா. இந்தா சீலைப் பாருங்க, பேரு இருக்கு. சமாதானபுரத்துல வீடு," என்றேன். விலாசம் சொன்னேன். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வழியும் சொன்னேன்.

தம்பிக்காரர் நேரே அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் கடை திறந்ததும் அக்கா வந்தார். நான் எழுந்து நின்றேன். "அந்தத் தாள்ல காப்பி ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். சீலுக்கு மேலே நான் போட்டிருந்த கிறுக்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தம் போடுவார், போலீஸ் என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பண்ணியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"உவரிக்குப் போவணும், வாங்க," என்றார்.

"அங்க போயி என்னக்கா செய்ய? புதைச்சாச்சே."

"கைநாட்டு வச்சவங்களுக்கு, எதுல வச்சோம்னு இன்னும் யாரும் வாசிச்சுக் காட்டல. அதைச் செய்யணும்."

திசையன்விளையில் பஸ் மாறி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர். சுவரில் பையனின் படம், அதற்கு முன்னால் மெழுகுவத்தி. அந்த அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே வந்துட்டீகளா ஐயா," என்றார்.

அக்கா தரையில் அவர் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தாளை மடியில் வைத்து வரிக்கு அடியில் விரலை வைத்தார். எப்போதும் வாசிக்கிற அதே குரல்.

"நான் இறந்துபோனவரின் தாய். என் மகனின் உடலை அந்த நாட்டிலேயே அடக்கம் செய்ய முழுமனதோடு சம்மதிக்கிறேன். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன்."

"நான் அப்படிச் சொல்லலியே தாயி," என்றார் அந்த அம்மா.

"ஆமா. நீங்க சொல்லல. ஆனா இதுல அப்படித்தான் இருக்கு. இன்னும் ஒரு வரி இருக்கும்மா. 'மேற்கண்டவை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் விளங்கிக்கொண்டார்.'"

"யாரும் வாசிச்சுக் காட்டலியே. காட்டியிருந்தா நான் வெரல வெட்டிப் போட்டிருப்பேனே, வச்சிருப்பனா?" அப்புறம் அக்காவை நன்றாக ஏறிட்டுப் பார்த்து, "நீதான் எழுதுனியா?" என்று கேட்டார்.

"சீலு என்னோடது," என்றார் அக்கா.

நான் இரண்டடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். இரண்டே வார்த்தை, நான்தான் எழுதினேன். மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா அடிக்கவில்லை. "நீ ஒரு பொம்பள. ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு? எந்திரிச்சுப் போயிரு. என் வாசல்ல நிக்காத," என்றார். அக்கா எழுந்து வெளியே போய், வெயிலில் தெருவில் நின்றார். நானும் எழுந்தேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "இந்த ஐயா அன்னிக்கு எவ்வளவு தன்மையாப் பேசுனாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. வெயில்ல வந்திருக்காரு, ஏதாச்சும் குடுங்கடி," என்றார் அந்த அம்மா. யாரோ கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குடித்தேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். சீ, என்ன பிறவி நான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு மணலில் நடந்தோம். கடல் பக்கத்தில்தான். "ஏன்க்கா, நான்தான் எழுதினேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று அவரிடமே கேட்டேன், குற்றம் அவருடையது போல.

அக்கா நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார். "அவங்க சீலைக் கேட்டாங்க, அது என்னோடது, சொன்னேன். உங்க பக்கத்தை நீங்கல்லா சொல்லணும் தம்பி. அங்கனதானே இருந்தீங்க. நீங்க வாயைத் திறந்து சொன்னா நான் யாருக்கு வேணும்னாலும் எடுத்துச் சொல்லுவேன். நீங்க சொல்லாததை உங்களுக்காக நான் எப்படிச் சொல்ல?"

பஸ் வந்தது. அவர் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு அவருக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போனது. கடற்கரைக்காரர்கள் வாயில் அவர் பேர் கெட்டது, அந்தப் பேச்சு கோர்ட்டு வாசல் வரைக்கும் வந்தது. 'பிள்ளையைப் பரதேசத்தில் புதைக்க வைத்தவள்' என்று வக்கீல்களின் குமாஸ்தாக்கள் என் கடை வாசலில் நின்றுகொண்டே பேசினார்கள். நான் உச்சுக்கொட்டினேன். ஆறு மாசத்தில் அவர் வீட்டைக் காலி பண்ணிவிட்டார். இப்போது திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், தமிழ் நோயாளிகளுக்கும் மலையாள டாக்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாராம். நம்ம பக்கத்திலிருந்து வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்: அங்கே ஒரு தமிழம்மா, ஆபரேஷன் சம்மதத் தாளை முழுசாகத் தமிழில் சொல்லி, நாம் திருப்பிச் சொன்னால்தான் பேனாவையே கையில் கொடுக்கிறது. சிலருக்கு எரிச்சல், சிலருக்குக் கண்ணீர். நான் கேட்காதது போலக் கேட்டுக்கொள்வேன்.

என் கடையில் அதற்குப் பிறகுதான் வாசித்துக் காட்ட ஆரம்பித்தோம். பயத்தில். கல்லூரியில் கைதட்டல் வாங்கியது அந்தப் பயத்துக்குத்தான்.

உவரி அம்மா இன்றும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது என்றார்கள். நாலு தடவை உவரிக்கென்று கிளம்பியிருக்கிறேன். நாலு தடவையும் திசையன்விளையில் இறங்கி, ஒரு சர்பத் குடித்துவிட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறித் திரும்பியிருக்கிறேன். கடைசியாகத்தான் எழுதியே விடுவது என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். பழைய ஃபைல் எதையும் திறக்காமல் ஒவ்வொரு வரியையும் புதிதாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது போய் எதிரே தரையில் உட்கார்ந்து, 'நான்' என்று ஆரம்பித்து, இதை அவருக்கு முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும்.

யாராவது என்றா எழுதினேன்? பாருங்கள், இப்போதும்.